சாகாத சோயா

சோயாவுக்குக் களையெடுப்பது எப்படி என்று பாச்கா சமவெளிக் கிராமமான பேலா பாராவில் ஆம்பிளைகளைக் கேட்டால் மருந்தின் பேரைச் சொல்வார்கள். பொம்பளைகளைக் கேட்டால் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்கள். சோயாவுக்கு அடிக்கிற எந்த மருந்துக்கும் மசியாத ஊமத்தையும் காட்டுக்கீரையும் வரிசைக்கு நாலு நிற்கத்தான் செய்யும். அதைக் களைக்கொத்தால் ஒவ்வொன்றாகக் கொத்த வேண்டும். ஸோர்காவுக்கு அறுபது நெருங்குகிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. போன வருஷம் கடைசி வரிசைகளில் உரச்சாக்கை மடித்து முட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டு தவழ்ந்துதான் களை பிடுங்கினாள். கால்வாய்ப் பாதையில் வந்த அவள் தம்பி பாயா அதைப் பார்த்துவிட்டான். நக்கல் பேசாமல் ஒரு இடத்தைக் கடக்காதவன், அன்றைக்கு டிராக்டரை நிறுத்திச் சும்மா நின்றுவிட்டுப் போனான்.

ஸோர்காவின் புருஷன் ஸ்தேவான் வேறு மாதிரி ஆள். அதிகம் பேச மாட்டார். பேசிவிட்டால் அந்தப் பேச்சைவிட்டு நகரவும் மாட்டார். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லாச் செடியையும் கொல்லும் களைக்கொல்லி அடித்தாலும் சாகாதபடி மரபணுவை மாற்றிய சோயா வந்திருக்கிறது, அரசாங்கம் தடை போட்டும் திருட்டு விதை மூட்டை மூட்டையாகப் புழங்குகிறது, நம் ஊர் என்ன செய்யப்போகிறது என்று பேச்சு. ஆளுக்கு ஒன்றாகக் கத்தினார்கள். கடைசியில் ஸ்தேவான் எழுந்தார்.

"அது விஷமா அமுதமான்னு எனக்குத் தெரியாது. படிச்சவங்களே அடிச்சுக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அறுத்ததுல ஒரு பங்கை எடுத்து வெச்சு அடுத்த வருஷம் வெதைக்கிறேன். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எவன்கிட்டயும் போய் நின்னதில்ல. இனிமேலும் நிக்க மாட்டேன். நம்ம ஊர்ல அது வேண்டாம்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போயிற்று. பாயாவின் கையும்தான். 'மரபணு மாற்றுப் பயிர் இல்லாத ஊர்' என்று எல்லையில் பலகை நட்டபோது அதற்குக் குழி தோண்டியதும் ஸ்தேவான்தான்.

விதை விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அறுவடை மெஷினை நடுக்காட்டில் நிறுத்தச் சொல்வார். ஓரத்து மணியைத் தொட மாட்டார். நடுவில் விளைந்ததை முழங்கை வரைக்கும் கையை விட்டு அளைந்து பார்த்துத்தான் விதைக்குக் கட்டுவார். அப்படிக் கட்டி வைத்த விதை போன மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகி மூட்டையோடு பூசணம் பிடித்துப் போயிற்று. வசந்தத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது பாயா தன் டிரெய்லரில் விதை மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

"என் கொட்டகை வெதை, மச்சான். ஒன்னோடது மாதிரியேதான். வருஷா வருஷம் ஒங்க வீட்டு வால்நட்டக் கடிச்சே என் பல்லு தேஞ்சு போச்சு. அதுக்குக் கைமாறுன்னு வெச்சுக்கோ."

பாயா வீட்டில் வால்நட் மரம் கிடையாது. அக்கா வீட்டிலிருந்துதான் ஒரு பை போகும். ஸ்தேவான் விதையை அள்ளிப் பார்த்தார். மணி திடமாக இருந்தது. வாங்கி விதைத்தார்.

ஜூன் மாதம் பாப்லர் மரத்துப் பஞ்சு ஊரெல்லாம் பறந்துகொண்டிருந்தது. ஸ்தேவானுக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. வண்டி ஓட்டலாம், மருந்தைக் கையால் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மருந்து கலப்பது ஸோர்காவின் வேலையாயிற்று. கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு நீலக் கேன்கள். ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ உரிந்துவிட்டது. ஒன்று சோயாவை விட்டுவிட்டு மற்றதைக் கொல்லும். இன்னொன்று பாதையிலும் கால்வாய்க் கரையிலும் அடிப்பது. பச்சையாக எது நின்றாலும் வேரோடு காயவைத்துவிடும். அந்தக் கேனின் கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியை ஸோர்காதான் கட்டி வைத்திருந்தாள். அன்று காலையில் வாசல் பக்கத்தில் இருந்த கேனில் துணி இல்லை. அதை எடுத்து அளந்து டாங்கில் ஊற்றினாள். ஸ்தேவான் காடு முழுக்க அடித்துவிட்டு மத்தியானம் திரும்பினார்.

சாயங்காலம் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனவள், குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்த கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சிவப்புத் துணி. போன வாரம் கொடி சாய்ந்து கிடந்தபோது கயிறு கிடைக்கவில்லை. கேனிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து கட்டியது அவளேதான்.

எங்கே போவதென்று தெரியாமல் ரொட்டிக் கடைக்குப் போனாள். புருஷனிடம் சொல்லுமுன் கடைக்காரி இலிங்காவிடம் சொல்லி அழுதாள். அதுதான் முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் பாவம், அந்த நேரத்தில் அவளுக்கு அழ ஒரு இடம் வேண்டியிருந்தது.

அன்றைக்கு பீன்ஸ் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்தேவானிடம் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாத்துலயுமா?"

"டாங்கு பூராவும் அதுதான். நீ என்னை ரெண்டு அடி அடிச்சாக்கூட நல்லாயிருக்கும்யா."

"இத்தன வருஷமா அடிக்காதவன் இப்ப அடிச்சு என்னாகப்போவுது. என் கண்ணு நல்லாயிருந்தா ஒனக்கு ஏன் இந்த வேலை. போனது போச்சு. சூப் ஆறுது, சாப்பிடு."

"அந்தக் காடுதானே நமக்குச் சோறு."

"பின்பருவச் சோள வெதை கெடைச்சா இதை அழிச்சிட்டுப் போடலாம். இல்லாட்டி தினை. பன்னியை முன்னாடியே வித்துடுவோம். மொதல்ல சாகட்டும், பாப்போம்."

அவர் கோபப்படாததுதான் ஸோர்காவை அறுத்தது. மறுநாள் பாயாவைக் கால்வாய்ப் பாலத்தில் பார்த்து அவனிடமும் அழுதாள். பாயா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"சாகாதுக்கா. நீ பயப்படாத."

"எப்படிடா சாகாம இருக்கும்? கரையில அடிச்சா முள்ளே கருகிப் போவுது."

"நான் சொல்றேன்ல. சாகாது. இந்தப் பேச்சை மட்டும் ஊர்ல பேசாத."

தம்பி ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மருந்து உடனே வேலை செய்யாது. இலை தளர்ந்து, நுனி மஞ்சளாகி, மெதுவாகத்தான் கொல்லும். சாகப்போகிற பயிரைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி ஒரு தண்டனை வேறே கிடையாது. வெயிலும் அந்த வாரம் மண்டையைப் பிளந்தது. ஊமத்தை முதலில் தொங்கியது. பிறகு காட்டுக்கீரை மஞ்சளடித்தது. அருகம்புல் வைக்கோலாயிற்று. இன்றைக்குச் சோயாவுக்கு நாள் வந்துவிட்டது என்று ஒரு காலையில் ஸோர்கா காட்டுக்குப் போனாள். களையெல்லாம் பழுப்பாகச் செத்துக் கிடந்தது. நடுவில் சோயா மட்டும் கரும்பச்சையாக, தளதளவென்று, வரிசை பிசகாமல் நின்றது. இத்தனை சுத்தமான காட்டை அவள் ஆயுசில் பார்த்ததில்லை.

முழங்கால் வலியை மறந்து வீட்டுக்கு ஓடினாள். ஸ்தேவானைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாருய்யா, பொழச்சிடுச்சு. ஒரு எலைகூட வாடல. சர்ச்சுக்கு ரெண்டு மெழுகுவத்தி வேண்டிக்கிட்டேன். மருந்து பழசாயிருக்கும்யா, வீரியம் போயிருக்கும்."

ஸ்தேவான் குனிந்து செத்துப்போன ஊமத்தையைப் பிடுங்கினார். வேர் அழுகியிருந்தது. பக்கத்திலேயே நின்ற சோயாவில் ஒரு இலையைக் கிள்ளி விரலால் தேய்த்தார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா, மயக்கமா?"

"பொழைக்கக் கூடாதுடி இது."

"என்ன சொல்ற நீ?"

"இந்த மருந்துக்குப் பொழைக்கிற சோயா ஒண்ணுதான் இருக்கு."

ஸோர்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. தம்பி பாலத்தில் சாகாது என்று அடித்துச் சொன்னது ஏனென்றும் புரிந்தது. சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவளும் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள்.

பாயாவைக் கூப்பிட்டு அனுப்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவனே மத்தியானம் வந்தான். ஸோர்கா பிளம் சாராயத்தை ஊற்றி வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை.

"தெரிஞ்சுதானே குடுத்தே?" என்றார் ஸ்தேவான்.

"தெரிஞ்சுதான், மச்சான். நான் மூணு வருஷமா அதான் போடறேன். நான் மட்டுமா? பலகைக்கு அந்தப் பக்கம் எண்ணினாலும் இந்தப் பக்கம் எண்ணினாலும் பாதி ஊரு."

"கை தூக்கினியே."

"நீ பேசினா எவன் கை தூக்காம இருப்பான்? கல்லுகூடத் தூக்கும். பேசினதும் சரிதான். ஆனா நீ பேசிட்டு வீட்டுக்குப் போயிட்டே. எங்கக்கா முட்டி போட்டுத் தவழ்ந்தா. நான் என் கண்ணால பாத்தேன். மாடு கன்னு போட்டாக்கூட அது கால்ல நிக்குது. என் கூடப்பொறந்தவ மண்ணுல தவழ்றா, எதுக்கு? ஒன்னோட பேச்சுக்கு."

"பாயா, போதும்" என்றாள் ஸோர்கா.

"இரு அக்கா, சொல்லிக்கறேன். ஒரு தடவ மருந்து அடிச்சா களை போச்சு, பயிர் நின்னுச்சு. என்ன கெட்டுப்போச்சு? கடையில வெளிநாட்டுப் பன்னிக்கறி வாங்குறோம்ல, அந்தப் பன்னி எதைத் தின்னு கொழுத்துச்சு? இதே சோயாவைத்தான். அவன் வெதச்சு, பன்னி தின்னு, நாம திங்கலாம். நான் வெதச்சா மட்டும் திருடன்."

"நான் அதை விஷம்னு சொல்லலியே."

"பின்ன என்னதான் சொல்ற?"

"எங்கிட்டக் கேட்டியா? அதைத்தான் சொல்றேன். என் காட்டுல என்ன நிக்குதுன்னு எனக்குத் தெரியல. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. என்னை என் காட்டுலயே பொய்யனாக்கிட்டே."

"கேட்டா நீ வேண்டாம்னிருப்பே" என்றான் பாயா.

"ஆமா."

"அக்கா மறுபடி தவழ்ந்திருப்பா."

ஸ்தேவான் ஸோர்காவின் முழங்காலைப் பார்த்தார். தன்னை வைத்து இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள், தன்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை என்று ஸோர்காவுக்கு இரண்டு பேர்மீதும் ஆத்திரமாக வந்தது. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஸோர்கா மருந்தை மாற்றி ஊற்றிய கதை இலிங்காவின் கடையிலிருந்து ஊர் முழுக்கப் போயிருந்தது. காடு சாகிறதா என்று ஒவ்வொருத்தரும் ஒரு சாக்கில் கால்வாய்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "ஸ்தேவான் வீட்டுச் சோயா குடிகாரன் மாதிரி, விஷத்தைக் குடிச்சுட்டு இன்னும் ஊத்துங்கிது" என்று மதுக்கடையில் சிரித்தார்கள். ஒரு காலையில் ஊர்ப் பலகையில் யாரோ ஒரு கொத்துச் சோயாச் செடியை மாலையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்தேவான் சைக்கிளை நிறுத்தி அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"காட்டை அழிக்கப்போறேன்" என்றார்.

ஸோர்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "காய் பிடிக்கிற நேரம்யா. ஒரு வருஷச் சோறு."

"அறுத்து வித்தா அடுத்த கூட்டத்துல எங்க போய் உக்காருவேன்?"

"உக்காராத. வீட்டுல இரு. எத்தனை பேரு வாயைத் தெறக்காம அறுத்து விக்கிறான், நீ மட்டும் என்ன? அழிச்சா ஏன் அழிச்சேன்னு ஆபீஸ்காரன் கேப்பான். வெதை எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பான். அவன் எனக்கு ஒரே தம்பிய்யா. அம்மா சாகும்போது என் கையிலதான் குடுத்துட்டுப் போனா."

"அவன் பேரு என் வாயிலேருந்து வராது."

"சத்தியமா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

அது அவளுக்குத் தெரியும். மறுபடி மாவைப் பிசைந்தாள். மறுநாள் காலை அவர் டிஸ்க் கலப்பையை மாட்டிக்கொண்டு போனார். ஸோர்கா வரப்பில் நின்றாள். பூவும் பிஞ்சுமாக இருந்த செடி வரிசை வரிசையாக மண்ணுக்குள் போயிற்று. குப்பென்று பச்சை வாடை மூக்கைத் துளைத்தது. நாரைகள் இறங்கிப் புழு பொறுக்கின. ஸ்தேவான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிச் சுற்று முடிந்து இறங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் பண்ணின கண்ணில் தூசி பட்டுவிட்டது என்றார்.

மாவட்டத்திலிருந்து ஆய்வாளர் வந்தது அதற்குப் பிறகு. சின்னப் பெண், ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். யாரும் எழுதிப் போடவில்லை. விஷம் குடித்தும் சாகாத சோயா என்று சிரிப்புக் கதையாகவே அது மாவட்ட ஆபீஸ் வரைக்கும் போயிருந்தது. கலப்பை தப்பவிட்ட ஓரத்துச் செடியில் இலை பறித்து, குப்பியில் நசுக்கித் தண்ணீர் விட்டு, ஒரு காகிதப் பட்டையை முக்கினாள். பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. ஒன்று விழுந்தால் சாதாரணம், இரண்டு விழுந்தால் அதுதான்.

"வெதை யாருகிட்ட வாங்கினீங்க, ஐயா?"

"சந்தையில. லாரியில வெச்சு வித்தான். ஆளு தெரியாது."

"நீங்கதானே அந்தக் கூட்டத்துல பேசினவரு? எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒங்களைத் தெரியும். நெஜத்தைச் சொன்னா ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

"லாரிக்காரன்தாம்மா."

ஸோர்கா பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர் பொய் சொல்லி அவள் கேட்டது அன்றைக்குத்தான். கூசாமல் சொன்னார். அவள் தம்பிக்காகச் சொன்னார். அதற்காக அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஆனால் அந்தப் பெண் வந்த வேலையை அரைகுறையாக விட்டுப் போகிறவள் இல்லை. அடுத்த காட்டில் இலை பறித்தாள், அதற்கடுத்த காட்டில் பறித்தாள். கால்வாயின் இரண்டு பக்கமும் பட்டையில் இரண்டு கோடு விழுந்துகொண்டே இருந்தது. பாயாவின் சோயாக் காட்டையும் கோடு விழுந்த மற்ற காடுகளையும் அரசாங்க டிராக்டர் வந்து அரைத்துப் போட்டது. வழக்கும் எழுதினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பாயா வந்தான். கேட்டுக்கு உள்ளே வரவில்லை.

"நல்லாயிரு, மச்சான். பலகைக்கு இப்ப ஏத்த ஊராயிடுச்சு."

"நான் சொல்லல, பாயா."

"நீ சொல்லல. ஊர் பாக்க உழுதே. கொடி பிடிச்சுக் கூப்பிட்டாப்புலதான்."

ஸோர்கா ஓடிவந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இவர் ஒரு வார்த்தை சொல்லல. லாரிக்காரன்னு பொய் சொன்னாருடா, ஒனக்காக. என் வாயாலதான்டா எல்லாம். நான்தான் கடையில போய் அழுதேன்."

பாயா அவளைப் பார்த்தான். சிரிப்புக்கு என்றே செய்த முகம் அது. அதில் சிரிப்பு இல்லாமல் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"வாய் ஒன்னோடதா, கலப்பை அவரோடதா, எனக்கென்னக்கா வித்தியாசம்? நான் ஒன் முட்டிக்காகப் போட்டேன். நீங்க ரெண்டு பேருமாச் சேந்து என் காட்டை அரைச்சிட்டீங்க. இனி எனக்கு அக்கா இல்ல."

போய்விட்டான். மாதக்கணக்காக அந்தத் தெருவில் அவன் டிராக்டர் வரவில்லை. காட்டுக்குச் சுற்றுப்பாதையில் போனான்.

நவம்பரில் புனித மித்தார் நாள் வந்தது. ஸ்தேவான் குடும்பத்தின் ஸ்லாவா. வீட்டைக் காக்கிற புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியை வெட்டி, வேகவைத்த கோதுமையில் வால்நட்டும் சர்க்கரையும் இடித்துப் போட்டுக் கொடுக்கிற நாள். அன்றைக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டு வந்தால் அது வெறும் விருந்து. கூப்பிடாமல் வந்து கதவைத் தட்டினால்தான் ஸ்லாவா. ஒவ்வொரு வருஷமும் முதலில் தட்டுகிறவன் பாயா. "முட்டைக்கோஸ் வாசம் என் வீட்டு வரைக்கும் வந்து என்னைக் காதைப் பிடிச்சு இழுத்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வருவான்.

ஸோர்கா மூன்று நாளாக வேலை செய்தாள். முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிப் பெரிய பானையில் வேகவைத்தாள். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டிவிட்டு, வேறு வீடுகள் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். இலிங்கா தலையைக் காட்டிவிட்டு நின்றபடியே ஒரு கரண்டி கோதுமை தின்றுவிட்டுப் போனாள். பிறகு யாரும் வரவில்லை. காடு அழிந்தவர்கள் வரவில்லை. அழியாதவர்களும் அவர்கள் முகத்துக்குப் பயந்து வரவில்லை. கேட்டின் தாழ் சத்தம் கேட்டதுபோல இருக்கும், ஸ்தேவான் எழுந்து போவார். காற்றாக இருக்கும். திரும்பி வந்து உட்காருவார்.

மத்தியானம் தாண்டியதும் ஸோர்கா பூப்போட்ட தட்டை எடுத்தாள். கோதுமையும் ரொட்டித் துண்டும் வைத்து வெள்ளைத் துணியால் மூடினாள்.

"கொண்டுபோய்க் குடுக்கறது ஸ்லாவா இல்லடி" என்றார் ஸ்தேவான்.

"தெரியும்."

"முகத்துல அடிச்ச மாதிரி சாத்துவான்."

"சாத்தட்டும். என் தம்பி வீட்டுக் கதவுதானே."

ஊர் பார்க்கத் தட்டை ஏந்திக்கொண்டு போனாள். பாயாவின் பெண்டாட்டி கதா கேட்டுக்கு வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. வாங்கிக்கொண்டார்களே, அதுவே போதும் என்று ஸோர்கா திரும்பினாள். நடக்கும்போது கால் வலிக்கவில்லை. பாச்காவில் அடுத்த வீட்டிலிருந்து வந்த தட்டை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு ஆப்பிளாவது, ரெண்டு முட்டையாவது, ஒரு பிடி உப்பாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். எதிரி வீட்டுத் தட்டுக்கும் அது உண்டு. தட்டு திரும்பி வரட்டும், அதில் ஒரு கடுகளவு இருந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தாள்.

மறுநாள் காலை கேட்டுக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. ஸோர்கா அவிழ்த்துப் பார்த்தாள். பூப்போட்ட தட்டு. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, அவள் மூடிய வெள்ளைத் துணியை நாலாக மடித்து மேலே வைத்திருந்தார்கள். துணியை உதறினாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டிலேயே நின்று சத்தம் வராமல் அழுதாள்.

உள்ளேயிருந்து ஸ்தேவான் கேட்டார்: "பாயா வீட்டுலேருந்து தட்டு வந்திருக்கா?"

"ஆமா."

"என்ன வெச்சு அனுப்பினான்?"

ஸோர்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போய், பரணில் காய்ந்துகொண்டிருந்த மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளித் தட்டில் போட்டாள். கொண்டுவந்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"வால்நட்டு" என்றாள்.

ஸ்தேவான் தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து இன்னொன்றோடு அழுத்தி உடைத்தார். பருப்பை இரண்டாகப் பிரித்து, பாதியை அவள் கையில் கொடுத்தார்.

"நல்லாயிருக்கு" என்றார்.

பாயா வீட்டில் ஏது வால்நட் என்று அவர் கேட்கவில்லை.